“ஒரு துண்டுதானே!”: ஐந்து பேர் ஊட்டிய ஒரு நாய்க்கு வந்த கணைய அழற்சி – நிகழ்வு ஆய்வு

பின்னணி

கருத்தடை செய்யப்பட்ட 7 வயதுப் பெண் நாய், மினியேச்சர் ஷ்னாசர் இனம். எடை 8.4 கிலோ. நாயின் உடற்கட்டை 1 முதல் 9 வரை மதிப்பிடும் அளவையில் இதற்கு 7. விலா எலும்பு அழுத்தித் தேடினால்தான் விரலில் தட்டுப்பட்டது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கும் இடமே தெரியவில்லை. இந்த நாய்க்கு 7 கிலோ பொருத்தமான எடை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அது 7.3 கிலோ இருந்தது. தடுப்பூசிக்கு வந்த ஒவ்வொரு முறையும் நூறு, இருநூறு கிராமாகக் கூடியிருக்கிறது. ஒரே வருகையில் பெரிதாகத் தெரியாததால் யாரும் அதைப் பேசவில்லை.

வீட்டில் ஐந்து பேர்: கணவன், மனைவி, கணவனின் தாய், 14 வயது மகள், 9 வயது மகன். நாய்க்கு ஒரு நாளைக்கு 90 கிராம் உலர் உணவு, இரண்டு வேளையாக. 100 கிராமுக்கு 370 கிலோகலோரி என்று பையில் அச்சிட்டிருந்ததால், நாள் கணக்கு 333 கிலோகலோரி. அளவு சரியானதே. “சாப்பாடு அளவாகத்தான் போடுகிறோம்” என்று குடும்பத்தினர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சாப்பாடு என்று அவர்கள் நினைத்தது தட்டில் போட்டதை மட்டும்தான். கையால் கொடுத்தது அந்தச் சொல்லுக்குள் வரவில்லை.

ஷ்னாசர் இனம் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இந்த இனத்தில் பல நாய்களுக்கு இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு பரம்பரையாகவே கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் கணையத்தைப் பாதிக்கக்கூடியது. வேறொரு நாய் தின்று ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு தப்பிவிடும் கொழுப்பு, இந்த இனத்து நாயைப் படுக்க வைத்துவிடலாம்.

முதல் இரவு

சனிக்கிழமை இரவு வீட்டுக்கு விருந்தினர் வந்திருந்தார்கள். முழுக் கோழியை வெங்காயத்தோடு அடுப்பில் வாட்டியிருந்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும், யாரும் தொடாமல் ஒதுக்கிய தோலைச் சிறுவன் நாய்க்குப் போட்டான். தட்டில் தேங்கியிருந்த நெய்ப்பசையையும் நாயின் கிண்ணத்தில் ஊற்றினான். எலும்பு கொடுக்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அதை அவன் மீறவில்லை. தோலைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

பிறகு கேட்டுக் கணக்கிட்டதில் தோல் சுமார் 60 கிராம், நெய்ப்பசை இரண்டு மேசைக்கரண்டி. இரண்டும் சேர்ந்து 500 கிலோகலோரிக்கு மேல். கொழுப்பு மட்டும் 50 கிராம் அளவில். இந்த நாயின் உலர் உணவில் ஒரு நாளைக்கு இருந்த கொழுப்பு சுமார் 12.6 கிராம்தான். நான்கு நாளுக்கான கொழுப்பு ஐந்து நிமிடத்தில் உள்ளே போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை: கண்ணில் பட்டதும் படாததும்

அதிகாலை 5 மணிக்கு முதல் வாந்தி. மதியத்துக்குள் ஐந்து முறை. இடையில் நாய் முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, மார்பைத் தாழ்த்தி, பின்புறத்தை மட்டும் தூக்கியபடி நின்றது. விளையாட அழைக்கும்போதும் நாய் இப்படித்தான் நிற்கும் என்பதால், “தெம்பாகத்தான் இருக்கிறது” என்று வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். வேறுபாடு வாலிலும் முகத்திலும் இருக்கிறது. விளையாட அழைக்கும் நாய் வாலாட்டும், ஒரு நொடியில் துள்ளி எழும். வயிற்று வலியில் நிற்கும் நாய் அதே நிலையில் உறைந்து நிற்கும். காது பின்னால் படிந்திருக்கும். அருகில் போனாலும் அசையாது. மகள் எடுத்திருந்த 20 நொடி வீடியோவில் இது தெளிவாகத் தெரிந்தது. மருத்துவருக்கு அந்த வீடியோ பெரிய உதவி. நோயாளி நாயை வீடியோ எடுப்பதை யாரும் தவறாக நினைக்க வேண்டாம்.

வயிற்றைத் தணிக்கும் என்று பாட்டி சிறிது பால் கொடுத்தார். பத்து நிமிடத்தில் அதுவும் வெளியே வந்தது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது. முழுக் கொழுப்புப் பால் என்றால் வீங்கிய கணையத்துக்கு இன்னொரு சுமை. மாலை 4 மணிக்குத்தான் மருத்துவமனைக்கு வந்தார்கள். முதல் வாந்திக்கும் அதற்கும் இடையில் 11 மணி நேரம்.

பரிசோதனையில் உடல் வெப்பம் 39.6 டிகிரி செல்சியஸ். நாய்க்கு 39.2 வரை இயல்பு. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 148. ஈறு ஒட்டும் பசையாக இருந்தது. நீரிழப்பு 6 முதல் 7 சதவீதம். மேல் வயிற்றில் கை வைத்ததும் உடல் இறுகியது. எக்ஸ்ரேயில் எலும்போ அடைப்போ இல்லை. ஸ்கேனில் கணையம் வீங்கி, சுற்றியிருந்த கொழுப்பு வெளுத்துத் தெரிந்தது. கணையம் சுரக்கும் நொதியான கணைய லைபேஸின் சோதனை லிட்டருக்கு 860 மைக்ரோகிராம். 200 வரை இயல்பு, 400-ஐத் தாண்டினால் கணைய அழற்சிக்குப் பொருந்தும். ட்ரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 620 மில்லிகிராம். இரத்தச் சீரம் நீர் போல இல்லாமல் நீர்த்த பால் போல இருந்தது. மருத்துவர் அந்தக் குழாயைக் குடும்பத்தாரிடம் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அதற்கு முன் சொன்ன எந்த எண்ணும் பாட்டிக்கு உறைக்கவில்லை. அந்த வெண்மை உறைத்தது.

மருத்துவமனையில் எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி, வாந்தி எடுக்க வைப்பதா என்பது. இல்லை என்று முடிவானது. தின்று 19 மணி நேரம் ஆகிவிட்டது. நாயே வயிற்றைக் காலி செய்துவிட்டது. மேலும் தூண்டினால் மூச்சுக்குழலுக்குள் போகும் ஆபத்துதான் மிச்சம்.

இரண்டாவது கேள்வி வெங்காயம். கோழியோடு வெந்த வெங்காயம் அந்த நெய்ப்பசையில் கலந்திருந்தது. வெங்காயம், பூண்டு, அவற்றின் பொடி, வேகவைத்தது, பச்சையானது எல்லாமே நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்; வேகவைப்பதால் நஞ்சு போய்விடாது. நாயின் உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒரே தடவையில் உள்ளே போனால் கவலைக்குரியது. இந்த நாய்க்கு அது 42 கிராம். கிண்ணத்தில் விழுந்தது 25 கிராமுக்குள்தான் என்று சிறுவனின் விவரிப்பிலிருந்து மதிப்பிட்டார்கள். வரம்புக்குக் கீழேதான். ஆனால் வெங்காயத்தின் பாதிப்பு அன்றே தெரியாது, சில நாள் கழித்துத்தான் இரத்தசோகையாக வெளிப்படும். அதனால் மதிப்பீட்டை மட்டும் நம்பாமல் சிவப்பணு விகிதத்தை 3-ஆம் நாளும் 5-ஆம் நாளும் பார்க்க முடிவானது. முதல் நாள் 54 சதவீதம், நீரிழப்பால் உயர்ந்தது. பின்னர் 44, 43. நாய்க்கு இவை இயல்பானவை. நுண்ணோக்கியிலும் சிதைவு தெரியவில்லை.

சிகிச்சை வழக்கமானதே: நரம்பு வழியாகத் திரவம், வாந்தியை நிறுத்த மரோபிடன்ட், வலிக்கு ஓபியாய்டு வகை மருந்து. தொற்றுக்கான அடையாளம் இல்லாததால் ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை. கணையத்துக்கு ஓய்வு கொடுப்பதாக நாள் கணக்கில் பட்டினி போடுவது பழைய வழக்கம். அது குடலின் உட்சுவரைப் பலவீனப்படுத்துகிறது. வாந்தி நின்ற 14 மணி நேரத்தில் கொழுப்பு குறைந்த மருத்துவ உணவு ஒரு தேக்கரண்டி கொடுத்தார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டி, 4-ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

14-ஆம் நாள்: ஐந்து தாள்கள்

12 மணி நேரம் வெறும் வயிற்றில் எடுத்த ட்ரைகிளிசரைடு 410. நோய் தணிந்த பிறகும் இவ்வளவு என்றால், அது விருந்தின் விளைவு மட்டும் அல்ல. உடலின் போக்கே அதுதான். இனி கொழுப்பு விஷயத்தில் இந்த நாய்க்குச் சலுகை கிடையாது என்பது அன்று உறுதியானது.

விருந்துத் தோலோடு இந்த நாயின் கோப்பு மூடப்பட்டிருக்கலாம். எடைதான் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 333 கிலோகலோரி தின்னும் 8 கிலோ நாய் இரண்டு ஆண்டாக எடை கூடாது. எங்கிருந்தோ வருகிறது. மருத்துவர் ஐந்து பேருக்கும் தனித்தனித் தாள் கொடுத்து, விருந்துக்கு முந்தைய ஒரு சாதாரண நாளில் நாய்க்கு என்னென்ன கொடுப்பார்கள் என்று மற்றவர் பார்க்காமல் எழுதச் சொன்னார். அந்தப் பொருள்களை வீட்டில் கிராம் தராசில் எடை போட்டுக் கொண்டுவரச் சொன்னார். சேர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னால் ஒருவர் சொல்வதை மற்றவர் ஆமோதிப்பதோடு முடிந்துவிடும். தனித்தாளின் பயன் அதுதான்.

தாள்களில் இருந்தது இது. கணவன், காலையில் வெண்ணெய் தடவிய பிரட் ஓரம்: 61 கிலோகலோரி. மனைவி, சமைக்கும்போது கைக்கு வந்த சீஸ், மொத்தம் 15 கிராம்: 60. மகன், பள்ளியிலிருந்து வந்ததும் இரண்டு பிஸ்கட்: 75. மகள், நாயின் ரப்பர் பொம்மைக்குள் தடவும் அரை மேசைக்கரண்டி பீனட் பட்டர்: 48. பாட்டி, 40 கிராம் வாழைப்பழம்: 36. கூட்டினால் 280 கிலோகலோரி. தட்டில் போட்ட 333-உடன் சேர்த்து 613. நாயின் ஒரு நாள் உணவில் கிட்டத்தட்ட 46 சதவீதம் கையிலிருந்து வந்திருக்கிறது. கையிலிருந்து வருவது 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நாய் ஊட்டத்தில் எல்லோரும் ஏற்கும் வரம்பு. தாண்டினால் எடை கூடும். எடை கூடாதபடி தட்டைக் குறைத்தால் சத்துச் சமநிலை கெடும்.

ஐந்து பேரும் தத்தம் தாளைப் பற்றிச் சொன்ன வாக்கியம் ஒன்றே: “ஒரு துண்டுதானே கொடுத்தேன்.” ஒவ்வொருவர் அளவிலும் அது உண்மை.

இந்தப் பயிற்சியில் எதிர்பாராத இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. மகன் கொடுத்த பிஸ்கட்டில் சில வாரம், நாய்க்கு ஆகாத உலர்திராட்சை கலந்த வகையும் இருந்திருக்கிறது. எடை போட வேண்டி பாட்டிலை எடுத்த மகள், தீரப்போகும் பீனட் பட்டருக்குப் பதிலாக வாங்கி வைத்திருந்த புதிய பாட்டிலின் அட்டையைப் படித்தாள். “சர்க்கரை சேர்க்காதது” என்று முன்னால் பெரிதாக இருந்தது. பின்னால் சிறிய எழுத்தில் சைலிட்டால். அது இன்னும் திறக்கப்படவில்லை.

சைலிட்டால் மனிதருக்கு வெறும் இனிப்பு. நாயின் உடலோ அதைச் சர்க்கரை என்று எடுத்துக்கொண்டு இன்சுலினை வாரி இறைக்கும். பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் இரத்தச் சர்க்கரை சரிந்து தள்ளாட்டம், வலிப்பு வரும். ஒரு கிலோ எடைக்கு 0.1 கிராம் இதற்குப் போதும்; 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரல் கெடலாம். 7 கிலோ நாய்க்கு முதல் வரம்பு வெறும் 0.7 கிராம். அட்டையில் சைலிட்டால் என்றே எப்போதும் எழுதியிருக்காது. பிர்ச் சர்க்கரை என்றோ இ-967 என்றோ இருக்கலாம். எங்கள் கணிப்பில் இந்தக் குடும்பத்துக்கு நேர்ந்திருக்கக்கூடிய மிகப் பெரிய ஆபத்து விருந்துத் தோல் அல்ல, அந்தத் திறக்காத பாட்டில்தான்.

திட்டமும் அதன் காரணங்களும்

நாயின் ஓய்வுநிலை ஆற்றல் தேவை: எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்க வேண்டும். 7 கிலோவுக்கு 301. எடை குறைய வேண்டிய நாய்க்கு இலக்கு எடையின் இந்த எண்ணையே நாள் அளவாகக் கொள்ளலாம். அதில் 272 கிலோகலோரி கொழுப்பு குறைந்த மருத்துவ உணவு, 80 கிராம். கைக்கு 30.

30 என்றதும் மனைவி கேட்டார்: “அதை வைத்து என்ன டாக்டர் கொடுக்க முடியும்?” பதிலைத் தராசில் காட்டினார்கள். 30 கிலோகலோரி என்றால் சீஸ் 7 கிராம், கட்டைவிரல் நகம் அளவு. பீனட் பட்டர் 5 கிராம். வெண்ணெய் 4 கிராம். வேகவைத்த தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி 18 கிராம். விதையும் நடுத்தண்டும் நீக்கிய ஆப்பிள் 58 கிராம். கேரட் 73 கிராம். வெள்ளரிக்காய் 200 கிராம், அதாவது ஒரு முழுக்காய். எதைக் கொடுப்பது என்ற முடிவு அந்த மேசையிலேயே தானாக வந்துவிட்டது.

நாளுக்கான கலவை: வேகவைத்த பீன்ஸ் 40 கிராம், இலேசாக வேகவைத்த கேரட் 20 கிராம், கோழி நெஞ்சுக்கறி 5 கிராம். எல்லாம் உப்பு, எண்ணெய், மசாலா இல்லாமல். குடும்பத்துக்குச் சமைப்பதிலிருந்து எடுப்பதாக இருந்தால், அவை சேரும் முன்பே எடுத்து ஒதுக்க வேண்டும். வெங்காயம் விழுந்த குழம்பிலிருந்து காயை எடுத்துக் கழுவினாலும் பயன் இல்லை. கேரட்டைப் பச்சையாகக் கொடுக்கலாம், ஆனால் இந்த நாய் மெல்லாமல் விழுங்கும் பழக்கமுள்ளது. வட்ட வில்லையாக நறுக்கினால் தொண்டையில் மூடிபோல உட்கார்ந்துவிடும். அதனால் ஒரு சென்டிமீட்டருக்குள் சதுரத் துண்டு.

முட்டை பல நாய்களுக்கு நல்ல ட்ரீட். இந்த நாய்க்கு வெள்ளைக்கரு மட்டும், அதுவும் வேகவைத்து. கொழுப்பு முழுவதும் மஞ்சள் கருவில் இருக்கிறது. பொதுப் பட்டியலில் பச்சை விளக்கு எரியும் பொருள் ஒரு தனி நாய்க்குச் சிவப்பாக இருக்கலாம். சீஸ், சைலிட்டால் இல்லாத பீனட் பட்டர் இரண்டும் இந்த வகையில்தான் நின்றன.

இவ்வளவையும் எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதில்தான் இந்த நிகழ்வின் முக்கியமான முடிவு இருக்கிறது. ஐந்து பேருக்கு ஆளுக்கு 6 கிலோகலோரி என்று பிரித்துக் கொடுத்தால் ஒரு வாரம்கூட ஓடாது. பதிலாக, மூடி போட்ட ஒரே பெட்டி. காலையில் நிறைத்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். மாத்திரையை மறைக்கத் தேவைப்படும் கோழியும் அதிலிருந்துதான். பெட்டி காலியானால் அன்றைக்கு முடிந்தது. கொடுக்காத மிச்சம் மறுநாளுக்குச் சேராது.

மேற்கண்ட கலவையில் எண்பது துண்டுக்கு மேல் வரும். முன்பு ஒரு நாளில் இந்த நாய்க்குக் கிடைத்தது ஏழெட்டுத் துண்டு. நாய் துண்டின் எடையைப் பார்ப்பதில்லை. கை நீண்டதா, வாய்க்கு ஏதாவது வந்ததா என்பதே அதற்குக் கணக்கு. கொடுக்கும் மனிதருக்கும் அப்படித்தான்.

பாட்டி ஒப்பவில்லை. “வாயில்லாத ஜீவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நான் எப்படி இல்லை என்பேன்?” என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. பகல் முழுவதும் நாயோடு தனியாக இருப்பவர் அவர்தான். கொடுக்காதீர்கள் என்று அவரிடம் சொல்வதற்குப் பதில், பெட்டியை நிறைக்கும் பொறுப்பையே அவரிடம் கொடுக்க மருத்துவர் பரிந்துரைத்தார். மருமகள் சற்றுத் தயங்கினார், பிறகு சம்மதித்தார்.

வழியில் வந்த சிக்கல்கள்

முதல் வாரமே மலம் இளகியது. பீன்ஸை ஒரேயடியாக 40 கிராமில் தொடங்கியதுதான் காரணம். நார்ச்சத்துக்குப் பழகாத குடல் அது. 10 கிராமுக்குக் குறைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை 5 கிராம் கூட்டினார்கள். அந்த நாள்களில் குறைந்த பங்கைக் கூடுதல் உலர் உணவு கொண்டு ஈடுசெய்தார்கள். கேரட் துண்டுகள் மலத்தில் அப்படியே வந்ததைப் பார்த்து மகள் பயந்து அழைத்தாள். அது நோய் அல்ல. மெல்லாமல் விழுங்கியதன் அடையாளம். இன்னும் மென்மையாக வேகவைத்ததும் நின்றது.

மூன்றாவது வாரம், நண்பகலுக்குள் பெட்டி காலியாகிவிடுகிறது என்று சிறுவன் புகார் சொன்னான். பள்ளி விட்டு வந்தால் கொடுக்க ஒன்றும் இல்லை. பாட்டியே பெட்டிக்குள் ஒரு தடுப்பு வைத்தார்: ஒரு பாதி பகலுக்கு, மறுபாதி பேரன் வந்த பிறகு.

5-ஆவது வாரம் முதல் 7 வரை எடை 7.9-இல் நின்றுவிட்டது. யாரோ ரகசியமாகக் கொடுக்கிறார்கள் என்று வீட்டுக்குள் சந்தேகம் கிளம்பியது. சிறுவன்மேல் பழி விழுந்தது. மருத்துவர் பெட்டியை விட்டுவிட்டுத் தட்டைப் பார்த்தார். தராசின் பேட்டரி தீர்ந்துபோய், மறுபடி கோப்பையால் அளந்துகொண்டிருந்தார்கள். அதே கோப்பையால் மூன்று பேரை அளக்கச் சொல்லி எடை போட்டால் 80, 88, 97 கிராம். 80-க்கும் 97-க்கும் உள்ள வேறுபாடு 58 கிலோகலோரி, பெட்டியின் முழு அளவைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பேட்டரி மாற்றியதும் எடை மறுபடி இறங்கத் தொடங்கியது. சிறுவனிடம் அவன் அப்பா மன்னிப்புக் கேட்டார்.

நான்காம் மாதம்: மூன்று திராட்சைகள்

கழுவும்போது சிதறிய திராட்சையில் மூன்றை நாய் விழுங்கியது. பத்து நிமிடத்துக்குள் தொலைபேசி வந்தது. மனைவி சொன்னவை: என்ன பழம், எத்தனை, எத்தனை மணிக்கு, நாயின் இன்றைய எடை 7.4 கிலோ, இப்போது வாந்தி இல்லை. இந்த ஐந்தும் இருந்தால் மறுமுனையில் இருப்பவர் உடனே முடிவெடுக்கலாம். வாந்தி வரவழைக்க உப்புத் தண்ணீர் கொடுக்கட்டுமா என்றும் கேட்டார், கூடாது. உப்பு நாயின் இரத்த சோடியத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்திவிடும்.

மூன்று பழம் சுமார் 15 கிராம், கிலோவுக்கு 2 கிராம். பாதிப்பு பதிவான அளவுகளோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் திராட்சையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை நம்ப முடியாது. சிறுநீரகத்தைக் கெடுப்பது அதிலுள்ள டார்டாரிக் அமிலம் என்ற விளக்கம் 2021-இல் முன்வைக்கப்பட்டது; அந்த அமிலம் பழத்துக்குப் பழம், பருவத்துக்குப் பருவம் மாறும். புளியிலும் அது மிகுதி. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகப் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. அதனால் அழைத்து வரச் சொன்னார்கள். தின்ற 40-ஆவது நிமிடத்தில் ஊசி மூலம் வாந்தி வரவழைத்ததில் மூன்றும் வெளியே வந்தன, ஒன்று முழுதாக. கணைய வரலாறு உள்ள நாய் என்பதால் வாந்தி நிற்கும் மருந்தும் உடனே கொடுக்கப்பட்டது. 24, 48, 72 மணி நேரத்தில் பார்த்த கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் இரத்த அளவு, இயல்பாகவே இருந்தது.

முதல் முறை 11 மணி நேரம். இந்த முறை 40 நிமிடம்.

விளைவு

14-ஆம் நாள் 8.2 கிலோவாக இருந்த எடை 12-ஆவது வாரம் 7.5, 24-ஆவது வாரம் 7.1. மெதுவான இறக்கம்தான்; வாரத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் குறைக்க யாரும் முயலவில்லை. 12-ஆவது வாரத்தில் வெறும் வயிற்று ட்ரைகிளிசரைடு 190, கணைய லைபேஸ் இயல்பு. இந்த ஆறு மாதத்தில் கணைய அழற்சி திரும்பவில்லை. எடையை நிலைநிறுத்த நாள் அளவு 390 கிலோகலோரியாகவும், பெட்டி 39 ஆகவும் உயர்த்தப்பட்டன. கூடிய ஒன்பதில் என்ன வேண்டும் என்று பாட்டியிடம் கேட்டார்கள். வாழைப்பழம் என்றார். 10 கிராம், தராசில் வைத்து.

மாற்ற வேண்டியவை

மருத்துவமனைப் பக்கம்: இரண்டு ஆண்டாகக் கோப்பில் “உணவு: பையில் உள்ள அளவு” என்று மட்டுமே எழுதியிருந்தது. “தட்டுக்கு வெளியே என்ன, யார் யார் கொடுக்கிறார்கள்?” என்ற ஒரு கேள்வி தடுப்பூசி நாளிலேயே கேட்கப்பட்டிருக்க வேண்டும். ஷ்னாசர் இன நாய் எடை கூடத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே வெறும் வயிற்று ட்ரைகிளிசரைடு பார்த்திருக்க வேண்டும். நார்ச்சத்தைப் படிப்படியாகக் கூட்டச் சொல்லாததும் எங்கள் தரப்புக் குறையே. அந்த ஒரு வாரம் தவிர்த்திருக்கக்கூடியது.

முதலில் கொடுத்த அச்சுத்தாளும் தவறு. நாற்பதுக்கு மேற்பட்ட உணவுகள் “கொடுக்கலாம், கூடாது” என்று இரண்டு பத்தியில் இருந்தன. அதைக் குடும்பத்தில் மகளைத் தவிர யாரும் படிக்கவில்லை. அதில் கோழி “கொடுக்கலாம்” பத்தியில்தான் இருந்தது. தோல் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டாவது மாதம் அதை எடுத்துவிட்டு, ஃபிரிட்ஜ் கதவுக்கு மகள் பெரிய எழுத்தில் எழுதிய தாள் ஒட்டப்பட்டது. அதில் இருந்தது இவ்வளவுதான்:

பெட்டியில் இருப்பது மட்டும்.
தோல், கொழுப்பு, எலும்பு, தட்டில் ஒட்டிய எதுவும் கிடையாது.
வெங்காயம், பூண்டு பட்ட எதுவும் கிடையாது.
திராட்சை, உலர்திராட்சை, புளி, சாக்லேட், மகடாமியா பருப்பு: ஒன்றுகூட வேண்டாம்.
“சர்க்கரை சேர்க்காதது” என்றால் அட்டையின் பின்பக்கம் படி.
தின்றுவிட்டதா? என்ன, எவ்வளவு, எப்போது என்று எழுது. உடனே டாக்டரை அழை. பால் வேண்டாம், உப்பு வேண்டாம்.

அடியில் மருத்துவமனை எண்ணும், ஒவ்வொரு மாதமும் அடித்துத் திருத்தப்படும் நாயின் எடையும்.